பரிதாபம் போதாது

ஏழைகளைப் பற்றி எழுதப்படும் கதைகள் பலவற்றில் முதல் பத்தியிலேயே அழுகை தொடங்கிவிடுகிறது. கிழிந்த சேலை, ஒட்டிய வயிறு, எரியாத அடுப்பு. வாசகர் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார். கதை எழுதுகிறவர்கள் அந்த ‘ஐயோ பாவ’த்துக்கு ஆசைப்படவே கூடாது. ஒரு மனிதரை அவருடைய முழு உயரத்துக்கும் நிமிர்த்தி நம் முன் நிறுத்துவதுதான் அவர்கள் வேலை.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையைப் பாருங்கள். அவர் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். கதையும் ஒரு சினிமா ஸ்டூடியோ அலுவலகத்தில்தான் நடக்கிறது. காதர் என்று ஒருவர் வாய்ப்புக் கேட்டு வருகிறார். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்கள். புலிச் சண்டை போடத் தெரியும் என்கிறார் அவர். கொண்டுவந்த புலித்தலையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அவ்வளவுதான், அந்தச் சின்ன அறைக்குள் ஒரு புலி உறுமுகிறது, பதுங்குகிறது, பாய்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெலவெலத்துப்போகிறார்கள். வேஷத்தைக் கழற்றிய பிறகுதான் காதர் அழுது கெஞ்சுகிறார்.

முதலில் வித்தை, அப்புறம்தான் பசி. இதை மாற்றிப் போட்டிருந்தால் காதர் சாப்பாட்டுக்கு வழியில்லாத இன்னொரு ஆள், அவ்வளவே. இப்போதோ, இப்பேர்ப்பட்ட கலைஞர் இன்னொருவர் காலில் விழும்படி ஆயிற்றே என்று நமக்கு உடம்பு கூசுகிறது. பின்னால் ஸ்டூடியோ அவருக்குப் போட்ட கடிதம், ஆள் அந்த விலாசத்தில் இல்லையென்று திரும்பி வந்துவிடுகிறது. அந்த இடத்தில் சமூகத்தைச் சாட அசோகமித்திரன் வரவில்லை. நானாக இருந்தால் நாலு வரி சாடியிருப்பேன். கதை அங்கேயே கெட்டிருக்கும்.

1994-ல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலிலும் இதே பலம் உண்டு. ஆரோக்கியம் தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் பெண். வெளுப்பது மட்டுமா? பிரசவம் பார்க்கிறாள், சாவு வீட்டில் நிற்கிறாள், களத்தில் நெல் தூற்றுகிறாள். ஊர் அவளை எவ்வளவு தாழ்த்தினாலும் அவள் கை படாமல் அங்கே ஒரு காரியமும் நடப்பதில்லை. அந்த வேலைகளை நாம் கூடவே இருந்து பார்த்துவிடுவதால், அவளுடைய கூலி குறையும்போது அது நம் வீட்டு இழப்பாகிறது.

தகவலை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் இந்தப் பலம் வந்துவிடாது. சமீபத்திய நாவல்கள் சிலவற்றில் அந்த வியாதியும் தெரிகிறது. வேலை தெரிந்த கை எந்த நேரத்தில் தடுமாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

குமாரபாளையத்து விசைத்தறிக்காரர் ஒருவரைப் பற்றி யாராவது எழுதுகிறீர்களா? அவருடைய கடனை எழுதுமுன், ஓடுகிற தறியில் இழை அறுந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார், எந்த விரலால் முடிச்சுப் போடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கதைக்காகக் காத்திருக்கிறேன்.