கோச்சிங்கா, சொந்தப் படிப்பா? கோரிமேட்டில் கேட்ட கேள்வி

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாசல் விடியும் முன்பே நிரம்பிவிடுகிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் பழைய சீட்டும் எக்ஸ்ரே கவருமாக நிற்கிறார்கள். பக்கத்து டீக்கடையில் ஒரு தகப்பனார் கேட்டார்: “சார், பொண்ணை நீட் கோச்சிங்ல சேக்கலாமா, வீட்லயே படிக்கட்டுமா?”

என் பதில்: வீட்டிலேயே படிக்கட்டும். எந்தப் பாடத்தில் திணறுகிறாளோ அதற்கு மட்டும் ஒரு நல்ல வாத்தியாரைப் பிடியுங்கள்.

2019 வரை ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக்குத் தனி நுழைவுத்தேர்வு இருந்தது. 200 கேள்விகள், அதில் ஆங்கிலத்துக்கும் தர்க்கத்துக்கும் சேர்த்து 20. அதற்கென்று தனியாகத் தயாராக வேண்டியிருந்தது. 2020 முதல் இங்கேயும் நீட்தான். 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். அதில் சரிபாதி, 360, உயிரியலுக்கு. அந்த உயிரியல் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டியே வருகிறது. படத்தின் கீழே உள்ள வரியைக்கூட விடாமல் நாலு முறை படிக்க வேண்டும். அதை யாரும் பிள்ளைக்காகப் படித்துத் தர முடியாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பையிலேயே அந்தப் புத்தகங்கள் இருக்கின்றன.

மிச்சம் இருப்பது தப்பைக் குறைப்பது. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 போய்விடும். 140 கேள்வி சரியாகப் போட்டு மீதி நாற்பதைத் தொடாமல் வந்தால் 560. அந்த நாற்பதையும் குருட்டாம்போக்கில் போட்டு எல்லாம் தப்பானால் 520. தெரிந்த விஷயம் இரண்டு பேருக்கும் ஒன்றேதான்.

ஒரு மாணவி தன் ‘மிஸ்டேக் நோட்’டைக் காட்டினாள். பக்கத்துக்கு நான்கு கட்டம்: கேள்வி எண், நான் போட்டது, சரியான விடை, ஏன் தப்பு. கடைசிக் கட்டத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: “‘தவறானது எது’ என்பதைக் கவனிக்கல.” அதற்குக் கீழே, “சென்டிமீட்டரை மாத்தல.” அடுத்த பக்கத்தில் மூன்று இடத்தில், “தெரியும்னு நெனச்சேன்.” பாடம் புரியாமல் போனது என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. எத்தனை ஆயிரம் கட்டினாலும் இந்த நோட்டை அவளேதான் எழுத வேண்டும்.

வகுப்புக்குப் போனால் ஒழுங்கு வரும், கூடப் படிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் கோச்சிங்கா வீடா என்பதைவிட, நோட்டைக் காட்டிய அந்த மாணவி அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்கு இது இரண்டாவது முயற்சி. “வீட்டுக்கு யார் வந்தாலும் ரூமை விட்டு வெளிய வர மாட்டேன் சார். என்ன படிக்கிறன்னு கேப்பாங்க.”

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. தமிழ்நாடு அரசு அமைத்த குழு ஒன்று 2021-ல் தந்த அறிக்கையைப் பாருங்கள். அங்கே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், அந்த ஆண்டே பிளஸ் டூ முடிக்காமல் முந்தைய ஆண்டுகளில் முடித்து வந்தவர்கள் 2015-16-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். அதாவது பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அறைக்குள் அடைந்து கிடப்பது நம் வீடுகளில் சகஜமாகிவிட்டது. இடம் கிடைத்தவர்களின் கணக்கே இது. கிடைக்காமல் அதே அறையில் இருப்பவர்களை யார் எண்ணினார்கள்? நீட்டுக்கு மேல் வயது வரம்பு கிடையாது, இத்தனை தடவைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

பெற்றோரே, பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து உட்கார வையுங்கள். ஐந்து மணிக்குத் தாளை வாங்கி, எந்தப் பாடத்தில் அடி விழுகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து எண்ணுங்கள். அந்தப் பாடத்துக்கு மட்டும் உதவி தேடுங்கள். இன்னொரு வருஷம் என்று பேச்சு வந்தால், அதற்கு முன் பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, “உனக்கு இது இன்னும் வேணுமாம்மா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.