கொன்சாகா: சிறிய பல்கலைக்கழகமும் பெரிய கூடைப்பந்தும்

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் இயேசு சபைத் துறவியர் 1887-இல் தொடங்கிய கொன்சாகா பல்கலைக்கழகம், தமிழகக் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கும் புனித அலோசியஸ் கொன்சாகாவின் பெயரைத் தாங்கியது. ஏழாயிரத்துச் சொச்சம் மாணவர்களே பயிலும் இந்நிறுவனம் நாடெங்கும் அறியப்பட்டதற்குக் காரணம் அதன் கூடைப்பந்து அணி. திருச்சி தூய வளனார் கல்லூரியையும் சென்னை லயோலா கல்லூரியையும் நடத்தும் இச்சபை, மாணவரின் அறிவை மட்டுமன்றி முழு மனிதரையும் பேணுவதே கல்வி என்று கொள்வதால், ஆடுகளத்துக்கும் அங்கு இடமுண்டு. ஆயினும் கொன்சாகாவின் புகழைக் கொள்கையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரணியின் எல்லையைக் கடக்கும் அமெரிக்கக் கால்பந்து, அந்நாட்டுக் கல்லூரிகளில் பெரும் மவுசு பெற்றது. பெரிய அணியும் பெரிய மைதானமும் கேட்பதால் செலவும் அதற்கே மிகுதி. டோனி கனடியோ போன்ற வீரர்களை வளர்த்த கொன்சாகா, 1941 பருவத்தோடு அதை நிறுத்தி, உலகப் போர் முடிந்த பின்னும் மீண்டும் தொடங்கவில்லை. கூடைப்பந்துக்கோ பத்துப் பதினைந்து வீரர்களும் ஓர் அரங்கமும் போதுமாகையால், சிறிய நிறுவனம் பெரியவற்றோடு மோதக்கூடிய களமாக அது அமைந்தது. உள்ளூரில் பிறந்து இங்கு ஆடிய ஜான் ஸ்டாக்டன், சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுத்து உதவும் 'அசிஸ்ட்' கணக்கில் 15,806 என்னும் தொழில்முறைச் சாதனையைப் பின்னாளில் படைத்தார்.

திருப்பம் நேர்ந்தது 1999-இல். தோற்ற அணி உடனே வெளியேறும் தேசியக் கல்லூரிப் போட்டியில், பெரிதாக எவரும் எதிர்பார்க்காத கொன்சாகா, மின்னசோட்டாவையும் ஸ்டான்ஃபோர்டையும் வீழ்த்திய பின் புளோரிடாவைச் சந்தித்தது. ஆட்டம் முடிய ஐந்து நொடிகூட இல்லாத நிலையில், கூடையில் விழாமல் தெறித்த பந்தைக் கேசி கால்வரி எம்பித் தட்டிவிட, 73-72 என வெற்றி கிட்டியது. அடுத்த சுற்றில் தோற்றாலும், அவ்வாண்டே பொறுப்பேற்ற பயிற்சியாளர் மார்க் ஃபியூவின் காலத்தில், நோய்த்தொற்றால் போட்டியே நடக்காத 2020 நீங்கலாக, அணி ஆண்டுதோறும் அப்போட்டிக்குத் தகுதி பெற்றுவந்தது. மாணவர் சேர்க்கையும் கூடியது.

அணியின் சின்னம் புல்டாக் என்பதால், 2004-இல் திறக்கப்பட்ட ஆறாயிரம் இருக்கை அரங்கை ரசிகர்கள் 'நாய்க் கொட்டில்' என்றே அழைக்கின்றனர். முக்கிய ஆட்டங்களுக்கு முன் மாணவர்கள் உறைபனிக் குளிரிலும் வெளியே கூடாரமடித்துக் காத்திருப்பது இங்குள்ள வழக்கம். அரங்கைப் பெரிதாகக் கட்டாதது, அறிந்தோ அறியாமலோ, நிர்வாகம் செய்த நல்ல காரியம். மகளிர் அணியும் இளைத்ததன்று: அதில் ஆடிய கோர்ட்னி வாண்டர்ஸ்லூட், 2,000 புள்ளிகளும் 1,000 அசிஸ்ட்களும் சேர்த்து, கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் இருபாலரிலும் அதுவரை எவரும் எட்டாத இலக்கை 2011-இல் எட்டினார்.

ஆடவர் அணி 2017-இலும், தொடர்ந்து 31 ஆட்டங்களை வென்றிருந்த 2021-இலும் இறுதி ஆட்டத்தில் தோற்றது. எனினும், அமெரிக்கக் கால்பந்திலும் பெயரெடுத்த பசிபிக்-12 என்னும் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, அந்த ஆட்டத்துக்கு அணியே இல்லாத கொன்சாகாவை 2026 ஜூலை முதல் உறுப்பினராக்க 2024-இல் முடிவு செய்தது.