பீப்பாயும் கோப்பையும்

மட்டக்களப்பு வாவியிலே அமைந்த புளியந்தீவில் 1628ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகள் கழிந்தன. 1638ஆம் ஆண்டு மே மாதத்தில், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பட்டு வந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அக்கோட்டையிலே போர்த்துக்கேயரின் கொடி பறந்தது பத்தாண்டு. அவர்தம் மொழியோ மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவ்வாவிக்கரையில் இன்னும் ஒலிக்கின்றது. இந்த வியப்பை எண்ணிப்பார்க்க ஏடுகளைப் புரட்டவேண்டுமென்பதில்லை. நண்பர் நால்வர் ஒரு வீட்டிலே கூடி, பழைய போர்ட் மதுவைச் சுவை பார்க்க அமர்ந்தாலே போதும்.

அமர்ந்திருக்கும் மேசை, ஊற்றிக் கொடுக்கும் கோப்பை, போத்தலைக் காத்துவைத்த அலமாரி, அதனைத் திறந்த சாவி, வாவிக்காற்றை உள்ளே விடும் சன்னல் ஆகிய யாவும் போர்த்துக்கேயர் வாய்வழி வந்த பெயர்களே. காலையில் நாம் உண்ணும் பாணும், கறிக்குச் சேர்க்கும் வினாகிரியும், ஊர்க்கோடியில் கள் விற்கும் தவறணையும் அவ்வழியினவே. எல்லாவற்றினும் பொருத்தமானது பீப்பாய் என்னும் சொல். போர்ட் மது முதிர்வது ‘பீப்பா’ எனப்படும் மரக்கலத்தில். ஏறத்தாழ 550 லீற்றர் கொள்வது ஒரு பீப்பா. போர்த்துக்கல்லின் வணிகர் இன்றும் அச்சொல்லாலேயே கணக்கிடுகின்றனர். அதே சொல்லை நம் வீடுகளில் நீர் நிறைக்கவும் எண்ணெய் நிறைக்கவும் நாம் வழங்குகின்றோம். திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியருக்கு இந்த மேசையொன்றே போதுமானது.

ஆயினும், கோட்டையிலிருந்த போர்வீரர் அருந்தியது இந்த மதுவன்று. கப்பலேறி வந்த முந்திரிகை மதுவை அவர்கள் அறிவர். போர்ட் எனும் பெயரோடு இன்று உலகறிந்த இன்மது, அவர்கள் இங்கிருந்து அகன்ற பின்னரே உருவாயிற்று. பிரான்சோடு பகைகொண்ட ஆங்கிலேயர், பிரெஞ்சு மதுவுக்கு ஈடு தேடித் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கை நாடினர். 1703ஆம் ஆண்டின் மெதுவன் உடன்படிக்கை போர்த்துக்கேய மதுவுக்கு வரிச்சலுகை அளித்தது. 1756ஆம் ஆண்டில், பின்னாளிற் பொம்பால் பிரபு எனப்பெற்ற அமைச்சர், அம்மது விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்தார். கோட்டை பழையது, மது புதியது.

அதனை ஆக்கும் முறையும் தனித்தன்மையுடையது. பிழிந்த முந்திரிகைச் சாறு இரண்டு மூன்று நாட்கள் நொதித்ததும், முந்திரிகையிலிருந்தே வடித்த கடுஞ்சாராயத்தை அதிற் சேர்ப்பர். கலவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அச்சாராயமே. உடனே நொதித்தல் நின்றுவிடுகின்றது. மாறாமல் எஞ்சிய இனிப்பு அப்படியே தங்கிவிடுகின்றது. இனிமையும் கடுமையும் ஒருங்கே அமைவது இதனாலேதான். விளைவு மிகச் சிறந்த ஆண்டுகளில் மாத்திரமே ‘விண்டேஜ்’ என அறிவிப்பர். பத்தாண்டில் மூன்று முறை அவ்வாறு அமைதலே பெரும்பான்மை. 1945, 1963, 1994, 2011 ஆகியவை அவ்வாறு புகழ்பெற்ற ஆண்டுகள். அந்த மது இரண்டாண்டளவே பீப்பாயில் இருக்கும். பின்பு போத்தலில் அடைபட்டு, இருளிலே இருபது, முப்பது, ஐம்பது ஆண்டுகள் கிடந்து முதிரும். மகன் பிறந்த ஆண்டின் மதுவை வாங்கிவைத்து, அவன் வயது வந்தபின் திறப்பது ஆங்கிலக் குடும்பங்களில் ஒரு வழக்கம்.

நம் கள்ளோ இதற்கு நேர்மாறானது. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். ஆனால் முதிர்ந்த மதுவைப் பழந்தமிழர் அறியாதவரல்லர். மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த மதுவைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். தேறல் என்பது அவர்கள் வழங்கிய அழகிய சொல்; மண்டி அடியிலே தங்க, மேலே தெளிந்து நிற்பது அதன் பொருள். விண்டேஜ் போத்தலைத் திறப்போர் செய்வதும் இதுவே. முதல்நாளே அதனை நிமிர்த்தி வைத்து, மண்டி அடியில் இறங்கியபின், கழுத்துக்குப் பின்னே ஒரு மெழுகுதிரி ஒளியைப் பிடித்து, தெளிந்ததை மட்டும் வேறு கலத்துக்கு மெல்ல வார்ப்பர். மண்டி கழுத்தை அணுகியதும் கை நின்றுவிடவேண்டும்.

மட்டக்களப்பு வெயிலில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெப்பம் ஏறினால் சாராயத்தின் நெடி மேலோங்கி மணத்தை மறைத்துவிடும். ஆகவே கலத்தைச் சற்றே குளிரவைத்தல் நன்று. கோப்பை சிறிதாயிருக்கட்டும், அதிலும் பாதியே வார்க்கட்டும். முதலில் நிறம், பின்பு மணம், அதன்பின்னரே நா. இடையிடையே உண்ண இப்பகுதியில் விளையும் மரமுந்திரிகைப் பருப்பை வறுத்து வைக்கலாம். அம்மரத்தைப் பிரேசிலிலிருந்து கீழைநாடுகளுக்குக் கொணர்ந்தவரும் போர்த்துக்கேயரே. முந்திரிகைக்கு மரமுந்திரிகை துணை. சொல்லளவிலும் சுவையளவிலும் இஃது இயைபான இணை.

திறந்த விண்டேஜ் மது ஓரிரு நாளுக்குமேல் நில்லாது. நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு மதுசாரம் கொண்ட அதனை ஒருவரே குடித்து முடித்தலும் தகாது. எனவே அது நண்பரை வேண்டி நிற்கும் பொருள். கலத்தை இடப்பக்கம் இருப்பவருக்கு நகர்த்தும் ஆங்கில மரபும் இக்கருத்தினதே: எவரும் அதனைத் தம்முன் நிறுத்திக்கொள்ளலாகாது. தனித்திருந்து அளவின்றிக் குடித்தலால் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை இவ்வாவிக்கரையில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அளவும் துணையும் உரையாடலும் இல்லாதவிடத்தில் சுவை பார்த்தல் என்பது வெறும் பெயரே.

அந்த உரையாடல் எம்மொழியில் நிகழ்கின்றது என்பதே என் மனத்தை உறுத்தும் வினா. மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் பேசிவந்த போர்த்துக்கேயம், தச்சரும் கொல்லரும் தையற்காரரும் வீட்டிலும் பட்டறையிலும் காத்த மொழி. 1900ஆம் ஆண்டிலேயே தல்காதோ என்னும் அறிஞர் இலங்கைப் போர்த்துக்கேயத்தைப் பற்றி நூல் எழுதினார். 1970களில் இயன் ஸ்மித் மட்டக்களப்பு வழக்கை ஆராய்ந்தார். சொற்கள் ஐரோப்பியச் சொற்கள், நடையோ நம்முடையது. வினை இறுதியில் வருகின்றது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே நிற்கின்றது. போர்த்துக்கேயம் நமக்குக் கோப்பையையும் மேசையையும் தந்தது. தமிழ் அதற்கு வாக்கியம் அமைக்கும் முறையைத் தந்தது. கொடுத்ததும் கொண்டதும் சரிநிகர்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல்கோள் இச்சமூகத்தினர் வாழ்ந்த டச்பாரைப் பெரிதும் அழித்தது. பலர் முன்னரே அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். இளையோர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். அண்மை ஆண்டுகளில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் இம்மொழியின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்துள்ளனர். அது போற்றத்தக்க பணியே. எனினும் பதிவு என்பது அடைத்துவைத்த போத்தல். மது அடைபட்டுக் கிடந்தால் முதிரும். மொழி அடைபட்டுக் கிடந்தால் இறக்கும்.

ஆகவே நம் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திசைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்விப்பதோடு நில்லாமல், மாணவர் சிலரை அயலிலுள்ள பறங்கிய முதியவர் ஒருவரின் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேசை எது, சாவி எது, கோப்பை எது என்று அவர் வாயாற் கேட்கச் செய்யுங்கள். தேநீர்க் கோப்பையே போதும், மது வேண்டியதில்லை. அவர் பேசட்டும், பிள்ளைகள் மறுமொழி சொல்லப் பழகட்டும்.