இரட்டையருக்கு ஓர் ஏடு

“சின்ன வயதில் பெற்றோரே உங்கள் இருவரையும் ஆள் மாற்றிக் கூப்பிட்டதுண்டா? பள்ளியில் ஆசிரியர் குழம்பியதுண்டா?” இரட்டையர் யாரிடமாவது இப்படிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விளையாட்டுப் பேச்சு போலத் தோன்றும் இந்தக் கேள்விகள்தான் உலகெங்கும் இரட்டையர் ஆய்வின் முதல் படிவத்தில் இருக்கின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களா, தனித்தனிக் கருவில் உருவானவர்களா என்பதை இந்தப் பதில்களை வைத்தே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சரியாகச் சொல்லிவிட முடிகிறது.

அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? ஒரு கரு இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கரு இரட்டையர், மற்ற உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதிதான் பகிர்ந்துகொள்கிறார்கள். இரு வகையினரும் ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்து, ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறவர்கள். ஒரு நோய் முதல் வகையில் இருவரையும் சேர்ந்து பிடிப்பது அதிகமாகவும், இரண்டாம் வகையில் குறைவாகவும் இருந்தால், அங்கே பரம்பரையின் கை இருக்கிறது. இரு வகையிலும் ஒரே அளவாக இருந்தால், வளர்ந்த சூழலைத்தான் பார்க்க வேண்டும். கணக்கு எளிது. ஆனால் பத்து ஜோடியை வைத்துக்கொண்டு இதைப் போட முடியாது. ஆயிரக்கணக்கான ஜோடிகள் வேண்டும், பல பத்தாண்டுகள் தொடர்பு அறுந்துபோகாமல் வேண்டும். அதற்காகத்தான் பதிவேடு.

பாதிரியார் எழுதிய பெயர்கள்

நாடு தழுவிய முதல் ஏடு 1954-இல் டென்மார்க்கில் தொடங்கியது. பழைய தேவாலயப் பிறப்புப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, 1870 முதல் பிறந்த இரட்டையரைக் கண்டெடுத்து, ஒவ்வொருவரும் பிறகு எப்படி வாழ்ந்தார்கள், எப்போது இறந்தார்கள் என்று தேடிச் சேர்த்தார்கள். மனித ஆயுளில் பரம்பரையின் பங்கு கால்வாசி அளவுதான் என்ற முடிவு அந்த ஏட்டிலிருந்து வந்தது. ‘எங்கள் வம்சமே நீண்ட ஆயுள்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி.

1950-களின் கடைசியில் ஸ்வீடன் தொடங்கிய ஏட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருந்தது. புகைக்கத் தூண்டுவதும் நுரையீரல் புற்றுநோயைத் தருவதும் ஒரே மரபணுவாக இருக்கலாமே, சிகரெட்டை ஏன் குற்றம் சொல்கிறீர்கள் என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் வாதாடிய காலம் அது. பதில் இரட்டையரிடம் கிடைத்தது. பின்லாந்து ஏட்டில், ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத ஒரு கரு ஜோடிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மரணம் நேர்ந்த 22 ஜோடிகளில் 17-இல் முதலில் போனவர் புகைத்தவரே. அதே மரபணுவோடு பிறந்தவர் வீட்டில் உயிரோடு இருக்க, சிகரெட் மற்றவரைக் கொண்டுபோயிற்று.

கடன் வாங்க முடியாத கணக்கு

‘அவர்கள் கண்டுபிடித்ததை நாம் எடுத்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. மரபின் பங்கு எல்லா ஊருக்கும் பொதுவான நிலையான எண் இல்லை. சாப்பாடும் வருமானமும் மருத்துவ வசதியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும் நாட்டில், மிஞ்சும் வித்தியாசத்தில் மரபே பெரிதாகத் தெரியும். ஒரு வீட்டில் பாலும் பக்கத்து வீட்டில் பசியும் இருக்கும் நாட்டில் அதே கணக்கு மாறிவிடும். சர்க்கரை நோயும் மாரடைப்பும் இளவயதிலேயே தாக்கும் தெற்காசியருக்கு, நம் மண்ணில் போட்ட கணக்குதான் உதவும்.

இதை உணர்ந்து செய்து காட்டியது இலங்கை. மனநல மருத்துவர் அதுல சுமதிபாலவின் முயற்சியில் 1997-இல் அங்கே இரட்டையர் பதிவேடு தொடங்கியது. அவர்கள் பிடித்த வழி அருமையானது. கொழும்பு மாவட்டத்தில் ஆண்டுதோறும் வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்கும்போதே, உங்களுக்குத் தெரிந்து இரட்டையர் இருக்கிறார்களா என்ற கேள்வியையும் சேர்த்தார்கள். ஏறத்தாழ 19,000 பேர் கிடைத்தார்கள். அவர்களிலிருந்து சுமார் 4,000 இரட்டையரையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாகப் பிறந்த 2,000 பேரையும் தேர்ந்து, மனச்சோர்வு, களைப்பு போன்றவற்றை வீடு தேடிப்போய் ஆராய்ந்தார்கள்.

மறக்கக் கூடாத கறை

இரட்டையர் ஆய்வு என்றதும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவுக்கு வராமல் போகாது. அங்கே ஜோசப் மெங்கலே என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான இரட்டைக் குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்கினார்; அவர்களில் பலரைக் கொன்றார். அதனால்தான் இன்று எந்த ஏட்டுக்கும் சம்மதமே அஸ்திவாரம். ஜோடியில் ஒருவர் ‘சரி’ என்றால் மற்றவரும் சரி என்று ஆகாது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை இருவருக்கும் உண்டு. டாக்டர் கேட்டால் மறுக்கத் தயங்கும் சமூகம் நம்முடையது என்பதை உணர்ந்து, பங்கேற்பவர் பக்கம் நின்று பேசக் குறைதீர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்றும் இலங்கை ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த அக்கறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இப்படி ஓர் ஏடு தொடங்க வழி ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியர் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவெண்ணான பிக்மி எண் தருகிறார். வயிற்றில் இரட்டை என்பது ஸ்கேனிலேயே தெரிந்துவிடுகிறது. ‘ஆய்வுக்கு உங்களைத் தொடர்பு கொள்ளலாமா?’ என்று தாயிடம் தமிழில் விளக்கிக் கேட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களிடமும் மறுபடி கேட்கும் ஓர் ஏற்பாடுதான் பாக்கி.

1870-இல் டென்மார்க் கிராமத்தில் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து எழுதிய பாதிரியாருக்கு, அது பின்னால் எதற்கு உதவும் என்று தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். இந்த வாரம் பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு ஐம்பது வயதாகும்போது, ஒருவருக்குச் சர்க்கரை வந்து மற்றவருக்கு ஏன் வரவில்லை என்று ஒரு டாக்டர் தேடுவார். அன்று புரட்டுவதற்கு அவர் கையில் ஏடு இருக்க வேண்டுமானால், இன்றே அதில் பெயர் ஏற வேண்டும்.