செஞ்சிக் கோட்டை சொல்லும் பெளதிகம்



அம்பத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு நாள் மாலை. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஜப்பானியக் கோட்டைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தாள். வெண்ணிறக் கொக்கு சிறகை விரித்தது போன்ற ஹிமேஜி கோட்டை, வாளேந்திய சாமுராய் வீரர்கள், வளைந்து மேலேறும் கல் மதில்கள்! "அப்பா, இங்கே ஒரு தடவை போய்ப் பார்க்கணும்" என்றாள்.

"ஜப்பானுக்கு விமானச் சீட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். 150 கிலோமீட்டரில் ஒரு கோட்டை இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்" என்றேன். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போனோம். அங்கே பாடம் கற்றது அவள் மட்டுமல்ல, நானும்தான்.

மூன்று மலைகள், ஒரு கோட்டை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றே.

ஹிமேஜியில் சுமார் 15 மீட்டர் உயரக் கல் மேடையை எழுப்பி, அதன்மேல் மரத்தால் மாளிகை கட்டினார்கள். செஞ்சியில் மேடை கட்டும் வேலையை இயற்கையே செய்து வைத்திருந்தது. ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர்!

மலையேறச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு?

படிகளில் ஏறத் தொடங்கினோம். கால் மணி நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "எவ்வளவு எனர்ஜி செலவாகும் அப்பா?" என்று கேட்டு, மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். என் நிறை 70 கிலோகிராம். செய்யும் வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்.

70 × 9.8 × 240 = 1,64,640 ஜூல்.

பெரிய எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? கலோரிக்கு மாற்றினால் 39 கிலோ கலோரிதான்! நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே நான்கால் பெருக்குவோம். அப்போதும் 160 கிலோ கலோரிக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் சாப்பிட்ட மூன்று நான்கு இட்லி போதும்.

மலை உச்சி வரை செல்ல நான்கு இட்லி போதுமென்றால், இந்த உயரம் எதிரியை எப்படித் தடுக்கும்? இங்கேதான் வேலைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. திறன் என்பது ஒரு வினாடியில் செய்யும் வேலை. நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து 70 நிமிடத்தில் ஏறினோம். என் திறன் சுமார் 39 வாட்; பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு.

இப்போது ஒரு போர்வீரனை எண்ணிப் பாருங்கள். அவன் நிறை 60 கிலோகிராம்; வாள், கேடயம், கவசம் 20 கிலோகிராம். மேலிருந்து கற்களும் குண்டுகளும் வருகின்றன. உட்கார்ந்து இளைப்பாற முடியாது; பத்து நிமிடத்தில் ஏறியாக வேண்டும். கணக்கிட்டால் 314 வாட் வரும்! ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உழைத்துப் பழகிய மனிதன் பல மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 75 வாட்தான். எதிரி மேலே வந்து சேரும்போது வாளைத் தூக்கக்கூட அவனிடம் தெம்பு இராது. மெதுவாக ஏறினாலோ மேலிருப்பவர்களுக்குக் குறி பார்க்க நேரம் கிடைத்துவிடும்.

நான் செய்த பிழை

"கீழிருந்து சுடும் பீரங்கிக் குண்டு மேலே வருவதற்குள் வேகம் இழந்துவிடும். அதனால்தான் மலைமேல் கோட்டை கட்டினார்கள்" என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தேன். மகளிடமும் சொன்னேன். "அதையும் கணக்குப் போடலாமே" என்றாள்.

குண்டின் தொடக்க வேகம் வினாடிக்கு 200 மீட்டர் என்று கொண்டோம். 240 மீட்டர் உயர்ந்தபின் அதன் வேகம் வினாடிக்கு 188 மீட்டர்! காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், குறைந்தது ஆறு சதவீதம் மட்டுமே. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு கருத்து சரியாகத் தோன்றினால் போதாது, எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கும் நானே அதைச் செய்யத் தவறியிருந்தேன்.

அப்படியானால் உயரத்தால் வேறு என்ன பயன்?

தொடுவானம் தரும் பரிசு

உச்சிக்குச் சற்று முன் மலை பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் சுமார் 7 மீட்டர், ஆழம் சுமார் 18 மீட்டர். பாலத்தை நீக்கிவிட்டால் உச்சி ஒரு தீவு. கீழே பார்த்ததும் என் கால்கள் தயங்கின. மகள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டு கடந்தேன்.

மேலே நின்று சுற்றிலும் பார்த்தோம். தொடுவானத்தின் தூரத்தைக் காண எளிய வாய்பாடு உண்டு: இரண்டு × பூமியின் ஆரம் × உயரம், இதன் வர்க்கமூலம். தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் 4 கிலோமீட்டர் சொச்சம். ராஜகிரி உச்சியிலோ சுமார் 55 கிலோமீட்டர்! யானை, பீரங்கி, மாட்டு வண்டிகளுடன் வரும் சேனை ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நடப்பதே பெரிது. வெப்பமும் தூசியும் பார்வையைப் பாதியாகக் குறைத்தாலும், ஒரு நாளுக்கு முன்பே புழுதி தெரிந்துவிடும். கதவை அடைக்கலாம், ஊராரை உள்ளே அழைக்கலாம்.

அடிவாரத்தில் பார்த்த பெரிய நெற்களஞ்சியமும் குளங்களும் நினைவுக்கு வந்தன. அவையும் நாட்களைச் சேமித்து வைத்த இடங்களே. செங்குத்துப் படி நிமிடங்களைத் தருகிறது. உயரம் ஒரு நாளைத் தருகிறது. நெல்லும் நீரும் ஆண்டுகளைத் தருகின்றன. கோட்டை என்பது நேரத்தைச் சம்பாதித்துத் தரும் இயந்திரம்!

நேரம் தீர்ந்தபோது

சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டார். அவர் உள்ளே நுழைந்தது 1698இல்! ராஜாராம் அதற்குமுன் தப்பிவிட்டார். கோட்டை வீழ்ந்தது, ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சம்பாதித்துத் தந்த பிறகே வீழ்ந்தது.

1714இல் நடந்தது வேறு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படை வந்தபோது, இளைஞரான ராஜா தேசிங்கு கோட்டைக்குள் காத்திருக்கவில்லை. சிறு படையுடன் சமவெளிக்கு வந்து போரிட்டு மாண்டார். இன்றும் தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் அவர் வாழ்கிறார்.

"ஒசாகாவிலும் இப்படித்தான்" என்றாள் மகள். புத்தகத்தில் படித்திருக்கிறாள். 1614 குளிர்காலத்தில் தோகுகாவா இயேயாசுவின் படையால் ஒசாகா கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சமாதானம் பேசி, அகழிகளைத் தூர்த்துவிட்டார்கள். மறு ஆண்டு கோடையில் படை திரும்ப வந்தபோது, காக்க அகழி இல்லை. உள்ளிருந்த சாமுராய்கள் வெளியே வந்து போரிட்டு மாண்டனர், கோட்டை எரிந்தது. "அவர்களுக்கு வேறு வழி இல்லை. தேசிங்குக்கு இந்த மலை இருந்ததே! ஏன் இறங்கினார், அப்பா?"

என்னிடம் அதற்கு வாய்பாடு இல்லை. மலை தருவது நேரம். அதை என்ன செய்வது என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். இறங்கும் வழியெல்லாம் நாங்கள் அதைப் பற்றியே பேசினோம்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மாடிப்படி ஒன்றின் உயரத்தை அளந்து, படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒருமுறை மெதுவாக ஏறுங்கள்; மறுமுறை வேகமாக ஏறுங்கள்; ஓட வேண்டாம். கடிகாரத்தில் நேரம் பார்த்து உங்கள் திறனை வாட்டில் கணக்கிடுங்கள். இரண்டு முறையும் செய்த வேலை ஒன்றே. மூச்சு மட்டும் ஏன் வேறுபடுகிறது என்பது அப்போது விளங்கும்.