பறந்த தூரம் செல்லாக்காசு ஆனபோது
கொடுத்த வாக்கு – 9

சென்ற வாரம் கடைகளின் புள்ளி அட்டைகளைப் பார்த்தோம். அதே ஏற்பாடு பெரும் பணம் புரளும் தொழிலாக வளர்ந்து நிற்கும் இடம் அமெரிக்க விமானத் துறை. 2023 செப்டம்பரில் அங்கே டெல்டா நிறுவனம் விதிகளை மாற்றியது. அடிக்கடி பறப்பவர்கள் ஐந்தே வாரத்தில் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வைத்தார்கள். அவர்கள் கையில் சட்டம் இல்லை. இருந்தும் எப்படி நடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

டெல்டாவின் ‘ஸ்கைமைல்ஸ்’ திட்டத்தில் சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட் என நான்கு படிகள். மேலே போகப் போக போர்டிங்கில் முன்னுரிமை, பெட்டிக்குக் கட்டண விலக்கு, இடம் காலியாக இருந்தால் உயர்வகுப்பு இருக்கை என்று சலுகைகள் கூடும். அதுவரை டயமண்ட் ஆக வேண்டுமென்றால் ஓராண்டில் 1,25,000 மைல் பறந்திருக்க வேண்டும் அல்லது 140 முறை விமானம் ஏறியிருக்க வேண்டும். கூடவே 20,000 டாலர் செலவும் காட்ட வேண்டும். புதிய அறிவிப்பில் மைலும் போயிற்று, ஏறிய கணக்கும் போயிற்று. 35,000 டாலர் செலவு செய்தாயா என்பது ஒன்றே கேள்வி. அடிமட்டமான சில்வருக்கே 3,000 டாலர் 6,000 ஆனது.

இதில் அடிபட்டவர்கள் யார்? மலிவு டிக்கெட்டில் அதிக தூரம் பறப்பவர்கள். டிசம்பர் வந்தால் அவர்களிடையே ‘மைலேஜ் ரன்’ என்றொரு வழக்கம் இருந்தது. அடுத்த படிக்குச் சில ஆயிரம் மைல் குறையும். குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும் ஏதாவது தூரத்து ஊருக்குப் போவார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் தூரத்துக்குப் பரிசு என்று விதி எழுதியது நிறுவனம். அதை நம்பித்தான் அவர்கள் வேறு விமானத்தில் நேராகப் போகாமல், டெல்டாவில் சுற்றிக்கொண்டு போனார்கள். வருடக்கணக்கான பழக்கத்தை ஒரே அறிவிப்பு செல்லாக்காசாக்கியது.

இன்னொரு அடி விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சில் விழுந்தது. சில அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டுகள் வைத்திருந்தால் டெல்டாவின் ‘ஸ்கை கிளப்’புக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து ஒரு கார்டுக்கு ஆண்டுக்கு 10 முறை, இன்னொன்றுக்கு 6 முறை என்று வரம்பு வைத்தார்கள். டெல்டாவுக்கும் ஒரு சங்கடம் இருந்தது உண்மை. கொரோனா காலத்தில் யாரும் பறக்காததால் எல்லோருடைய தகுதியையும் நீட்டித்திருந்தார்கள். மேல்படியில் கூட்டம் பெருகிவிட்டது. லவுஞ்ச் வாசலில் இழுபெட்டிகளோடு வரிசை நடைபாதைவரை நீண்டது. விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே விடுவோம் என்று 2022-லேயே விதி போட்டும் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் தானாக வந்ததல்ல. லவுஞ்சைக் காட்டிக் காட்டித்தான் அந்தக் கார்டுகளை விற்றார்கள்.

உறுப்பினர்கள் கொதித்தார்கள். தலைமையகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. கார்டை ரத்து செய்கிறோம் என்று பலர் எழுதினார்கள். போட்டி விமான நிறுவனங்களான அலாஸ்காவும் ஜெட்புளூவும் சும்மா இருக்கவில்லை. டெல்டாவில் உங்களுக்கு என்ன தகுதியோ அதற்கு ஈடானதை நாங்கள் தருகிறோம், வாருங்கள் என்று அழைத்தன. செப்டம்பர் இறுதியில், அட்லாண்டா ரோட்டரி கிளப்பில் பேசிய தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன், நாங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அக்டோபர் 18 அன்று திருத்தம் வந்தது. டயமண்டுக்கு 28,000 டாலர், சில்வருக்கு 5,000. லவுஞ்ச் வரம்பு 15 ஆகவும் 10 ஆகவும் உயர்ந்தது. மைல் கணக்கு மட்டும் திரும்பவே இல்லை.

இவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் இறங்கி வந்தது? பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். 2023-இல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டெல்டாவுக்குக் கொடுத்தது ஏறக்குறைய 700 கோடி டாலர். கார்டு வைத்திருப்பவர் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம், டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள அவருக்குத் தரவேண்டிய பரிசு மைலை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டெல்டாவிடம் காசு கொடுத்து வாங்குகிறது. 2020-இல் விமானங்கள் தரையில் கிடந்தபோது இந்த ஸ்கைமைல்ஸ் திட்டத்தையே அடமானமாகக் காட்டி 900 கோடி டாலர் திரட்டியது டெல்டா. அப்படிப்பட்ட திட்டத்தில் உறுப்பினர் கோபித்துக்கொண்டு கார்டை வெட்டிப்போட்டால் வலி எங்கே விழும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வழியில் முன்பே ஒருவர் போனார். மினசோட்டாவைச் சேர்ந்த யூத மதகுரு அவர். பிறகு டெல்டாவோடு இணைந்த நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் 1999 முதல் உறுப்பினர். 2005-இல் அங்கே உச்சத் தகுதிக்கு உயர்ந்தவர். 2008-இல் அவருடைய உறுப்பினர் தகுதியை நிறுவனம் பறித்தது. சுமார் ஏழு மாதத்தில் 24 புகார் கொடுத்தார், அதில் ஒன்பது பெட்டி தாமதமாக வந்ததைப் பற்றியவை என்று காரணம் சொன்னது. எங்கள் தீர்ப்பின்படி நீக்கலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. விமானக் கட்டணத்திலும் சேவையிலும் மாநிலச் சட்டம் தலையிடக் கூடாது என்கிறது 1978-ஆம் ஆண்டுச் சட்டம். மைலும் அதற்குள் அடங்கும் என்றது தீர்ப்பு. நிறுவனம் தானே எழுதிக்கொடுத்த நிபந்தனையை மீறினால் வழக்குப் போடலாம் என்று 1995-லேயே ஒரு தீர்ப்பு உண்டு. ஆனால் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்பதுதானே அந்த நிபந்தனை! பிடிக்காவிட்டால் வேறு விமானத்துக்குப் போகலாம், போக்குவரத்துத் துறையிடம் முறையிடலாம் என்பதே நீதிபதிகள் காட்டிய வழி.

அட்லாண்டாவில் குடியிருப்பவருக்கு வேறு விமானத்துக்குப் போவது எளிதல்ல. அந்த ஊர் விமான நிலையத்துப் போக்குவரத்தின் பெரும்பகுதி டெல்டாவுடையது. வசதியுள்ளவர்களின் புலம்பல்தானே இது என்று நினைக்கும் வாசகர்களும் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயந்திரம் பழுதுபார்க்கவும் சரக்கு விற்கவும் வாரம் நான்கு நாள் வீட்டை விட்டு அலைபவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெட்டிக்குக் கட்டணம் இல்லாமல் குடும்பத்தை ஊருக்கு அழைத்துப் போவதுதான் அந்த அலைச்சலுக்குக் கிடைத்த ஈடு. நம் நாட்டிலும் காலாண்டுக்கு இவ்வளவு செலவு செய்தால்தான் லவுஞ்ச் என்று வங்கிகள் விதி மாற்றியதைக் கார்டு வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

2024 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டெல்டா, அமெரிக்கன், யுனைடெட், சவுத்வெஸ்ட் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. சேர்த்த மைலின் மதிப்பு எப்படிக் குறைகிறது, டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்பதை எப்படி நிர்ணயிக்கிறீர்கள் என்பவை அதில் இருந்த கேள்விகள். பின்னது முக்கியமான கேள்வி. டெல்டா எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே 2015-இல் எடுத்துவிட்டது; அன்றிலிருந்து விலை அவர்கள் சொல்வதுதான். விதியை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை இருக்கட்டும். புதிய விதி இனி சேர்க்கப் போகும் மைலுக்குப் பொருந்தட்டும். ஏற்கெனவே சேர்த்ததைப் பழைய மதிப்பில் பயன்படுத்த ஓராண்டாவது அவகாசம் வேண்டும். நிரந்தர வைப்பில் போட்ட பணத்துக்கு நடுவில் வட்டியைக் குறைக்க எந்த வங்கிக்கும் அனுமதி இல்லை. பறந்து சேர்த்த மைலுக்கும் அந்தப் பாதுகாப்பைச் சட்டமாகவே எழுத வேண்டும்.

(தொடரும்)