தாளும் திரையும் – 7: மின்னூலுக்கும் எடை உண்டு

பிளேட், தாள், பைண்டிங் கணக்கெல்லாம் போன வாரமே முடிந்தது. இந்த வாரம் மின்னூலுக்கான வரி என்று சொல்லியிருந்தேன். ஆனால் லவ்டேல் தபால் நிலையத்துத் தராசு என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூடுபனிக்குப் பயந்து இரண்டு சுற்று பழுப்புத்தாள் சுற்றிய நாவலைத் தராசில் வைத்தேன். 200 பக்கம், டெமி அளவு. 300 கிராமுக்குள் அடங்கியது. ஞான் போஸ்ட்டில் 20 ரூபாய், வரி தனி. எடை கூடக் கூடக் கட்டணமும் ஏறி, 5 கிலோவுக்கு 100 ரூபாயில் நிற்கும். 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திய பிறகு, 2025 மே முதல் தேதி வந்த ஏற்பாடு இது.

பின்னால் நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டார்: "மின்னூல்னா இந்தத் தராசுக்கே வேலை இல்லைங்களே சார்?"

"இல்லைங்க டீச்சர்" என்றேன். தவறான பதில். வீட்டுக்கு வந்து கிண்டிலின் விதிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுத்தால், இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு எம்பிக்கு 7 ரூபாய் வீதம் அனுப்பும் செலவைக் கழித்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புத்தகத்துக்கும் தபால் செலவு! அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்படியானால் தமிழ் எழுத்தின் எடை என்ன? யூனிகோடின் UTF-8 முறையில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ் எழுத்து மூன்று. புள்ளிக்கும் துணைக்காலுக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயர் எட்டு எழுத்து, எட்டு பைட். தமிழில் 'லவ்டேல்' 21 பைட்! ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள்: நான்கு எழுத்து, இரண்டு புள்ளி, ஒரு கொம்பு.

நாவலாசிரியர்கள் கலங்க வேண்டாம். 200 பக்கத்தில் சுமார் மூன்று லட்சம் குறிகள் இருந்தாலும் 9 லட்சம் பைட்தான். கோப்பைச் சுருக்கும்போது அதிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். உண்மையில் கனப்பது படம்.

அந்த ஆசிரியை சோலைக்காட்டுப் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். நீலகிரிச் சிரிப்பான் மட்டுமே ஆறு படம். ஆர்ட் பேப்பரில் வண்ண அச்சுக்குப் பணம் போதாமல்தான் மின்னூல் பக்கம் வந்தார். அவர் கோப்பு 12 எம்பி என்று வையுங்கள். வரி நீங்கலாக விலை 100 ரூபாய். அனுப்பும் செலவு 84 போக மிச்சம் 16. அதில் 70 சதவீதம் 11 ரூபாய் 20 காசு. 35 சதவீதத் திட்டத்திலோ அனுப்பும் செலவே கிடையாது, 35 ரூபாய் முழுதாகக் கைக்கு வரும். 70 என்ற எண்ணைப் பார்த்து மயங்கியிருந்தால் ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய 24 ரூபாய் போயிருக்கும். மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னேன். "அப்ப படத்தைச் சின்னதாக்கணுமா?" என்றார். படத்தையும் சின்னதாக்கலாம், 35 சதவீதத் திட்டத்தையும் எடுக்கலாம். ஆனால் சிரிப்பானின் கண்ணுக்கு மேலே ஓடும் அந்த வெள்ளைப் புருவம் மங்கிவிடக் கூடாது. அதற்காகத்தானே அவர் விடிகாலையில் காத்திருந்து படமெடுத்தார்.

வரிக் கணக்குக்கு இடம் தீர்ந்துவிட்டது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. 2018 ஜூலையில் வந்த மாற்றத்தில், அச்சில் அண்ணன் இருக்கும் மின்னூலுக்கு 5 சதவீதம், திரையிலேயே பிறந்ததற்கு 18. ஆசிரியையின் புத்தகத்துக்கு அண்ணன் இல்லை. என்ன செய்யலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.